நாக்-ஆஃப் ஸ்பின்னர் கழல மறுக்கிறது: எந்தத் திசை, எந்தச் சுத்தியல், எவ்வளவு இறுக்கம்?

#1 புதுக்கம்பி

அனைவருக்கும் வணக்கம். 1960-களில் தயாரான ஓர் ஆங்கிலேய ரோட்ஸ்டர் அண்மையில் என் கைக்கு வந்தது. நான்கும் கம்பிச் சக்கரங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டு காதுகள் கொண்ட ஸ்பின்னர், அதாவது காதைச் சுத்தியலால் அடித்துக் கழற்றி இறுக்கும் ‘நாக்-ஆஃப்’ வகை ஒற்றை நட்டு. விற்றவர் சக்கரங்களுக்குப் புதிதாகப் பவுடர் கோட்டிங் செய்து, ஸ்பின்னர்களுக்கும் மறுபடி குரோம் பூசிக் கொடுத்திருக்கிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

பிரேக்கைப் பார்ப்பதற்காகச் சக்கரங்களைக் கழற்ற முனைந்தேன். இடது முன் சக்கரம் மூன்றே அடியில் கழன்றுவிட்டது. வலது முன் சக்கரமோ அசையவே இல்லை. ரப்பர் சுத்தியல் பந்தைப் போலத் துள்ளித் திரும்பியது. பிறகு காதின் மேல் மரத்துண்டை வைத்து இரும்புச் சுத்தியலால் பதினைந்து அடியாவது அடித்திருப்பேன். துருவிளக்கி எண்ணெய் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டும் பயனில்லை. ஒரு நீளமான குழாயைக் காதில் மாட்டி நெம்பலாமா, அல்லது சூடேற்ற வேண்டுமா?

#2 செம்புச்சுத்தியல்

குழாயைக் கீழே வைத்துவிடுங்கள், சூடும் இப்போது வேண்டாம். எந்தத் திசையில் அடித்தீர்கள் என்பதை நீங்கள் எழுதவே இல்லை. எழுதாததிலிருந்தே என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. இடது பக்கம் கழன்ற அதே திசையில்தானே வலது பக்கத்தையும் அடித்தீர்கள்?

உங்கள் காலத்து ஆங்கிலேயக் கார்களில் இடது பக்க ஹப்பில், அதாவது சக்கரம் ஏறி அமரும் நடு உருளையில், இருப்பது வழக்கமான வலக்கை மரை. வலது பக்க ஹப்பில் இருப்பது இடக்கை மரை. ஆகவே இடது பக்கம் கடிகார முள்ளுக்கு எதிராகவும், வலது பக்கம் கடிகார முள்ளின் போக்கிலும் கழலும். இந்தக் கணக்குப் பலருக்குக் குழம்பும் என்பதால், நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். காரின் எந்தப் பக்கத்தில் நின்றாலும் சரி, காதுகள் தரைக்கு இணையாக இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். காரின் முன்பக்கம் நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் காதை மேலிருந்து கீழாக அடித்தால் நட்டு கழலும். பின்பக்கம் நோக்கிய காதைக் கீழாக அடித்தால் இறுகும். இடதா வலதா என்ற யோசனைக்கே இடமில்லை. கீழ்நோக்கி அடிக்கும்போது சுத்தியலின் எடையும் நமக்கு உதவும்.

ஆயினும் அடிக்கும் முன் ஸ்பின்னரின் முகத்தைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் எந்தப் பக்கத்துக்கு உரியது என்பதும், ‘அன்டூ’ என்ற சொல்லோடு கழற்றும் திசைக்கான அம்புக்குறியும் வார்க்கப்பட்டிருக்கும். குரோம் பூசுவதற்கு முன் மெருகேற்றும்போது இந்த எழுத்துகள் தேய்ந்து மறைவதும் உண்டு; அப்படியானால் மரையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

சுத்தியலைப் பற்றியும் ஒன்று. மரத்துண்டு வைத்தாலும் இரும்புச் சுத்தியல் வேண்டாம். மரம் நழுவும் ஒரு கணத்தில் குரோம் சில்லாகத் தெறிக்கும், அது நேராகக் கண்ணைத் தேடி வரும். செம்பு, ஈயம், ஒரு முகம் செம்பும் மறுமுகம் பதப்படுத்தாத தோலும் கொண்டது ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்துங்கள்; எடை ஒன்று முதல் இரண்டு கிலோ வரை இருக்கட்டும். ஈயம் என்றால் வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைக்க வேண்டாம். எந்தச் சுத்தியலானாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் அடித்த பதினைந்து அடியும் அதை இறுக்கத்தான் உதவியிருக்கும். எனவே சரியான திசையில் அடித்தாலும் முதல் அசைவுக்குச் சற்றுப் பாடுபட வேண்டியிருக்கும்.

#3 புதுக்கம்பி

ஐயா, ஒப்புக்கொள்கிறேன், இரு பக்கமும் ஒரே திசையில்தான் அடித்தேன். இன்று செம்புச் சுத்தியல் ஒன்றை இரவல் வாங்கி, முன்பக்கக் காதைக் கீழ்நோக்கி அடித்தேன். ஆறாவது அடியில் ‘டக்’ என்ற ஓசையுடன் விட்டுக்கொடுத்தது; அதன் பிறகு கையாலேயே சுழற்ற முடிந்தது.

கழற்றிய பின் கண்டதை எழுதுகிறேன். ஸ்பின்னரின் உள்ளே, சக்கரத்தோடு பொருந்தும் சரிவான வளையத்தின் மேலும் குரோம் பளபளக்கிறது. சக்கரத்தின் சரிவில் பவுடர் கோட்டிங் நசுங்கி, வெயிலில் உரிந்த தோலைப் போலச் சுருண்டு நிற்கிறது. ஹப்பின் பற்களில் கிரீஸ் இருந்ததற்கான அடையாளமே இல்லை. செந்தூளாகத் துருதான் உதிர்கிறது. இப்படியே மாட்டி நன்றாக அடித்து இறுக்கிவிட்டால் போதுமா?

#4 கூம்பும்பல்லும்

போதாது. கழலாத நட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஆனால் உங்கள் காரில் கவலைப்பட வேண்டியது தானாகக் கழலக்கூடிய நட்டைப் பற்றித்தான்.

இந்தச் சக்கரம் எப்படி நிற்கிறது என்பதைப் பார்ப்போம். ஹப்பின் மேல் நீளவாக்கில் வெட்டிய ஸ்ப்லைன் பற்களின் வேலை, எஞ்சினின் முறுக்கையும் பிரேக்கின் முறுக்கையும் சக்கரத்துக்குக் கடத்துவது மட்டுமே. சக்கரத்தை மையத்தில் நிறுத்தி, ஆட்டமில்லாமல் பிடித்து, காரின் எடையைத் தாங்குபவை இரண்டு கூம்புகள். உள்பக்கக் கூம்பு ஹப்பின் அடியில் இருக்கிறது. வெளிப்பக்கக் கூம்பு ஸ்பின்னரின் உள்ளே இருக்கிறது. ஸ்பின்னரை இறுக்கும்போது சக்கரத்தின் நடுக்குழல் இவ்விரண்டுக்கும் இடையே கவ்வப்படுகிறது. அந்தக் கவ்வல் உலோகத்தோடு உலோகம் முழு வட்டமாகப் பொருந்தும்போதுதான் நிலைக்கும்.

பவுடர் கோட்டிங் என்பது உலோகத்தின் மேல் சுட்டெடுத்த பிளாஸ்டிக் போர்வை. அடிக்கும்போது நட்டு இறுகிவிட்டதைப் போலவே தோன்றும். சிறிது தூரம் ஓடியதும் அந்தப் போர்வை நசுங்கி வெளியே வழியும், அது இருந்த இடத்தில் இடைவெளி விழும், கவ்வல் தளரும். குரோமும் கூம்பின் மேல் இருக்கக் கூடாது, உரிந்தால் அதுவும் இதையே செய்யும். கூம்புகள், பற்கள், மரை மூன்றும் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். நான்கு சக்கரங்களிலும் இரு பக்கக் கூம்புகளிலிருந்து பூச்சை முழுவதுமாக நீக்குங்கள். வேதியியல் பூச்சுநீக்கி நல்லது. அரைக்கும் சக்கரத்தைக் கொண்டு போனால் கூம்பின் வடிவமே கெட்டுவிடும்.

சுத்தம் செய்தபின் நீலம் தடவிச் சோதியுங்கள். பிரஷ்யன் நீலச் சாயத்தை ஸ்பின்னரின் கூம்பில் மெல்லிய படலமாகத் தடவி, சக்கரத்தில் மாட்டி மிதமாக இறுக்கிப் பிறகு கழற்றிப் பாருங்கள். சக்கரத்தின் கூம்பில் நீலம் அகலமான முழு வளையமாகப் பதிந்திருந்தால் நன்று. ஓர் ஓரத்தில் நூல்போல் மெல்லிய கோடாகவோ, பிறைபோல் ஒரு பக்கம் மட்டுமோ பதிந்திருந்தால் அந்த ஜோடி சரியில்லை என்று பொருள். உள்பக்கக் கூம்புக்கும் இதையே செய்ய வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. சக்கரத்தின் கூம்புகள் தேய்ந்துபோன நிலையில், ஸ்பின்னர் சக்கரத்தைக் கவ்வுவதற்கு முன்பே ஹப்பின் முனையில் போய் முட்டிக்கொள்ளும். அப்போது சுத்தியலுக்கு நட்டு பாறையாக இருக்கும், சக்கரமோ தளர்வாகவே இருக்கும். இறுக்கிய பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பேரிங் ஆட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதிருக்க, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு அசையுங்கள்.

ஸ்பின்னர் மாற்ற நேர்ந்தால் மரையின் அளவையும் பார்த்து வாங்குங்கள். ஓர் அங்குலத்துக்கு 8 மரை, 12 மரை என இரு வகைகள் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தவறானது கையால் திருகும்போது முதல் சுற்றிலேயே ஏற மறுக்கும். அதைச் சுத்தியலால் ஏற்ற முயன்றால் ஹப்பையே இழக்க நேரும்.

#5 நெம்புபலகை

சுத்தியலே இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதை இங்கே யாரும் சொல்லவில்லை. நான் தடித்த பலகை ஒன்றில் ஸ்பின்னரின் வடிவத்தை வெட்டி, காதுகள் இரண்டும் அதில் பொருந்தும்படி செய்து, ஒரு மீட்டருக்கு மேற்பட்ட கைப்பிடியோடு பயன்படுத்துகிறேன். காதில் ஒரு கீறல்கூட விழாது. இரு காதுகளிலும் சமமாக விசை விழுவதால் ஒரு காது உடையும் அச்சமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் அடியும் வீல் பேரிங்கின் உருளைகளைப் பாதையில் மோதி வடுவாக்கும் என்பது என் கருத்து.

#6 செம்புச்சுத்தியல்

பலகையை நான் குறை சொல்லவில்லை. பிடிவாதமான நட்டைக் கழற்றவும், குரோமைக் காப்பாற்றவும் அது மேலானது. பேரிங் விஷயத்தில் மட்டும் உடன்பட முடியவில்லை. சாலைக் குழிகளில் அந்தப் பேரிங் வாங்கும் இடியோடு ஒப்பிட்டால், காதின் மேல் மென்மையான செம்பால் விழும் அடி எம்மாத்திரம்?

இறுக்குவதில் சுத்தியலுக்கு ஒரு சிறப்பு உண்டு. அது நமக்குப் பதில் சொல்லும். முதல் சில அடிகளில் காது கண்ணுக்குத் தெரியும்படி நகரும், ஓசை மந்தமாக இருக்கும். அடிக்க அடிக்க நகர்வு குறையும். ஒரு கட்டத்தில் காது நின்றுவிடும், மந்தமான ஓசையும் கணீரென்று மாறும். அதற்கு மேல் ஓரிரண்டு அடி போதும். அதையும் தாண்டி வெறியோடு அடிப்பவர்கள்தான் காதை உடைக்கிறார்கள், சக்கரத்தின் நடுக்குழலை விரியச் செய்கிறார்கள். நீண்ட நெம்புகோலில் இந்த எல்லை கைக்குத் தெரியாமல் போய்விடும் என்பதே என் தயக்கம்.

அடிக்கும் இடமும் முக்கியம். காதின் நுனிக்கு அருகே, அதன் தட்டையான பக்கத்தில் சுத்தியலின் முகம் முழுவதும் படும்படி அடிக்க வேண்டும். விளிம்பில் பட்டால் சறுக்கி ஸ்போக்கை வளைக்கும். மறு கை சக்கரத்தைப் பற்றிக்கொண்டிருந்தால் விரலையும் விடாது.

#7 புதுக்கம்பி

பூச்சு நீக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில் ஒரு சந்தேகம். இறுக்கும்போது சக்கரம் தரையில் இருக்க வேண்டுமா, தூக்கிய நிலையில் இருக்க வேண்டுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும்: கூம்பிலும் கிரீஸ் தடவலாமா? தடவினால் வழுக்கித் தளர்ந்துவிடாதா?

#8 கூம்பும்பல்லும்

கிரீஸ் வேண்டும். பற்கள், மரை, இரு கூம்புகள் எல்லாவற்றிலும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். உலர்ந்த கூம்பில் அடியின் பெரும்பகுதி உராய்விலேயே செலவாகும். சக்கரத்தைக் கவ்வுவதற்கு மிஞ்சுவது குறைவு. உலர்ந்தவை காலப்போக்கில் ஒன்றையொன்று கடித்துத் துருவேறி ஒட்டிக்கொள்ளவும் செய்யும். உங்கள் ஹப்பில் நீங்கள் பார்த்த செந்தூள் அதுதான். அளவு மிகுந்தால் ஓடும் வேகத்தில் ஸ்போக் முழுவதும் சிதறி, பிரேக் டிரம் வரை போகும் என்பதால் கையை அடக்கித் தடவுங்கள்.

தரையா, தூக்கியா என்ற கேள்விக்கு வருவோம். கழற்றும்போது முதல் அசைவை மட்டும் தரையில் எடுத்துக்கொள்ளலாம்: கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, நட்டு விட்டுக்கொடுத்தவுடன் நிறுத்திவிட வேண்டும். முழுவதும் தளர்த்தினால் காரின் எடை கூம்புகளை விட்டு இறங்கிப் பற்களின் மேலும் மரையின் மேலும் உட்காரும். அதன் பிறகு ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கும் காரைச் சுத்தியலால் அடிப்பது வேண்டவே வேண்டாம்.

இறுக்குவது தூக்கிய நிலையில்தான். சக்கரம் தரையைத் தொட்டிருந்தால் காரின் எடை ஹப்பைக் கீழே அழுத்தும். சக்கரம் ஒரு மயிரிழை மேலேறிய நிலையிலேயே கூம்பு கவ்வத் தொடங்கும். தூக்கிய நிலையில் சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றிக் கையால் திருகி, கூம்புகள் தாமாக மையத்தைத் தேடிக்கொண்ட பிறகு சுத்தியலை எடுக்க வேண்டும். சக்கரம் திரும்பாதிருக்க ஒருவர் பிரேக் மிதியை அழுத்திக்கொள்ளட்டும். உங்கள் காரில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். இறுகியபின் காரை இறக்கி, ஓரிரு அடிகள் அடித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

#9 நெம்புபலகை

ஒரு சிறு விஷயம். பிரேக் போடும்போது சக்கரம் நிற்க, நட்டு தன் வேகத்தில் மேலும் சுழன்று இறுகிக்கொள்ளும் என்பதால்தானே இரு பக்க மரைகளும் வேறுவேறாக இருக்கின்றன? அப்படியானால் நல்ல நான்கு பிரேக் போட்டால் தானாகவே இறுகிவிடாதா?

#10 கூம்பும்பல்லும்

இது நெடுநாளாக உலவும் தவறான விளக்கம். செம்புச்சுத்தியல் சொன்ன திசையை நினைத்துப் பாருங்கள்: முன்காதைக் கீழே அடித்தால் கழல்கிறது. முன்னோக்கி உருளும் சக்கரத்தில் முன்புறம் இருக்கும் பகுதியும் கீழ்நோக்கித்தான் போகிறது. எனவே பிரேக் போடும் கணத்தில் நட்டு தன் வேகத்திலேயே மேலும் சுழன்றால், அது கழல வேண்டும்! நட்டின் எடை மிகவும் சிறியது என்பதால்தான் எதுவும் நடப்பதில்லை.

உண்மையான காரணத்தை ஒரு வளையலால் காட்டலாம். விரலில் ஒரு வளையலை மாட்டி, விரலை வட்டமாக அசையுங்கள். விரல் தொடும் புள்ளி வளையலின் உள்ளே சுற்றிவரும். தொடும் புள்ளி ஒரு முழுச் சுற்று வரும்போது வளையலும் அதே திசையில் சிறிது திரும்பியிருக்கும். ஸ்பின்னர்தான் இங்கே வளையல்; அது சக்கரத்தின் கூம்பை வெளியிலிருந்து தழுவி நிற்கிறது. கார் முன்னோக்கி ஓடும்போது, எடையால் அழுந்தும் புள்ளி சக்கரத்தோடு ஒப்பிட்டால் பின்னோக்கிச் சுற்றிவருகிறது. ஆகவே ஸ்பின்னரும் சக்கரத்தோடு ஒப்பிட்டால் பின்னோக்கி நகர முனைகிறது. அந்தத் திசை இறுக்கும் திசையாக இருக்கும்படிதான் மரையை வெட்டியிருக்கிறார்கள். நட்டின் கூம்பு சக்கரத்துக்குள் நுழையும் அமைப்பாக இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும், மரையும் மாற வேண்டும். ஆகவே எந்தக் காரையும் முதன்முறை தொடும்போது பொதுவிதியை நம்பாமல் அம்புக்குறியைப் பாருங்கள் என்கிறேன்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். பழுதுபார்க்கையில் இடது ஹப்பை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டால், ஓட ஓட நட்டு கழலும். அடுத்தது, இந்தத் தானியங்கி இறுக்கம் ஒரு காப்பு மட்டுமே. நாம் சரியாக இறுக்காததை அது ஈடுசெய்யும் என்று எண்ணக் கூடாது. தளர்வாக ஓடும் சக்கரம் இறுகிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே பற்களை அரைத்துக்கொண்டும் இருக்கும்.

இதன் வரலாறும் சுவையானது. இந்த வகைக் கம்பிச் சக்கரத்தை நிலைநாட்டியது ரட்ஜ்-விட்வர்த் நிறுவனம், 42 மி.மீ., 52 மி.மீ. என்று ஹப்பின் அளவுகள் இன்றும் அதன் பெயராலேயே வழங்குகின்றன. 1908-ஆம் ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் கழற்றி மாட்டும் இந்தச் சக்கரங்களுக்கு அனுமதி கிடைக்காததால் நேப்பியர் அணி விலகியது. 1923-இல் தொடங்கிய லே மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் பரிசுப் பணமும் கோப்பையும் அளித்ததும் இதே ரட்ஜ்-விட்வர்த்தின் பிரெஞ்சுக் கிளைதான்.

#11 எண்முகநட்டு

காதில்லாத நட்டு வைத்திருப்பவர்களும் இங்கே இருக்கிறோம். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புத் தரம் எண் 211, சக்கரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் பாதசாரிகளையும் மிதிவண்டிக்காரர்களையும் கிழிக்கக்கூடும் என்று 1968 முதல் அவற்றைத் தடைசெய்தது. 1996-இல் அந்தத் தரம் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஏற்றுமதியான எம்.ஜி.பி. போன்ற கார்கள் எண்முக நட்டோடு போயின. கார்வெட் 1967-லேயே நாக்-ஆஃப் சக்கரத்தைக் கைவிட்டு, போல்ட்டில் மாட்டும் அலாய்ச் சக்கரத்துக்கு மாறிவிட்டது.

எங்கள் நட்டுக்கு அளவான வளைய ஸ்பேனரை மாட்டி, அதன் கைப்பிடியைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். திசையும் கூம்பும் கிரீஸும் உங்களுக்குச் சொன்னதேதான். ஸ்பேனரை நட்டின் மேல் முழு ஆழத்துக்கு ஒரு கையால் அழுத்திப் பிடிக்காவிட்டால், வழுக்கி முனைகளை உருட்டிவிடும் என்பது மட்டும் கூடுதல் எச்சரிக்கை. முனை உருண்ட நட்டைக் கழற்ற நான் ஒரு முழு நாள் செலவிட்டிருக்கிறேன்.

#12 புதுக்கம்பி

பத்து நாள் வேலை முடிந்தது. எல்லாக் கூம்புகளிலும் பூச்சையும் குரோமையும் நீக்கி, நீலம் தடவிப் பார்த்தேன். மூன்று சக்கரங்களில் முழு வளையமாகப் பதிந்தது. இடது பின் சக்கரத்தில் மட்டும் முக்கால் வட்டம். கிரீஸ் தடவி, தூக்கிய நிலையில் இறுக்கி, ஒவ்வொரு ஸ்பின்னரிலிருந்தும் சக்கரத்தின் நடுக்குழல் வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். காது நின்றபின் ஓசை மாறுவதை நானும் கேட்டேன். ஒருமுறை கேட்டால் மறக்காது.

30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தபோது மூன்று கோடுகள் இழுத்தபடியே இருந்தன. இடது பின் ஸ்பின்னர் இறுகும் திசையில் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. மீண்டும் அடித்து இறுக்கிப் புதுக் கோடு போட்டேன். அடுத்த 50 கிலோமீட்டரில் மறுபடியும் அரை விரற்கடை. அதோடு, ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் போடும்போது அந்தப் பக்கத்தில் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் வருகிறது.

#13 செம்புச்சுத்தியல்

முதல் முறை நகர்ந்ததை நான் பொருட்படுத்தமாட்டேன். புதிதாகச் சுத்தம் செய்த கூம்புகள் படிவதற்குச் சற்று இடம் கேட்கும். இரண்டாம் முறையும் நகர்ந்து, கூடவே அந்தச் சத்தமும் வருகிறது என்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள். பற்களின் முனையைப் பாருங்கள். புதிய பல்லின் தலை தட்டையாக இருக்கும். தேய்ந்ததன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கத்திபோல் கூராகியிருக்கும். விரல் நகத்தை ஓட்டினால் சிக்கும்.

#14 புதுக்கம்பி

நீங்கள் சொன்னபடியே ஹப்பின் பற்கள் கத்தியாகத்தான் இருக்கின்றன. சக்கரத்தின் உள்பற்கள் அவ்வளவு மோசமில்லை. ஹப்பை மட்டும் மாற்றினால் போதுமா?

#15 கூம்பும்பல்லும்

இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த சக்கரம் புதிய ஹப்பையும், தேய்ந்த ஹப் புதிய சக்கரத்தையும் சில ஆயிரம் கிலோமீட்டரில் தன் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். புதிய ஹப் வந்ததும், அதை அச்சில் மாட்டுவதற்கு முன் உங்கள் இடது பக்க ஸ்பின்னரைக் கையால் அதில் ஏற்றிப் பாருங்கள். வலது பக்க ஹப்பைத் தவறுதலாக அனுப்பியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

#16 புதுக்கம்பி

ஹப்பும் சக்கரமும் வரும் வரை கார் ஸ்டாண்டில்தான் நிற்கும். வந்ததும் நீலம் தடவிய படத்தோடு இங்கே எழுதுகிறேன்.